கண்ணீர் அளவு உப்பு

கண்ணாடித் தொட்டிக்குள் வளர்ந்துகொண்டிருந்த தன் மார்பை முதன்முதலாகப் பார்த்த அன்று சந்தனமாரி அழவுமில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இந்தத் தண்ணிக்கு உப்பு எவ்வளவு போட்டிருக்கிய?" என்று கேட்டாள்.

டாக்டர் ஹிதாயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாரும் வலிக்குமான்னு கேப்பாங்க. நீங்க உப்பு கேக்குறீங்க!"

"எங்க பொழப்பே அதுலதானம்மா. கேக்காம எப்படி?"

"லிட்டருக்கு ஒன்பது கிராம். புரியிற மாதிரி சொல்லணும்னா, உங்க கண்ணீர்ல எவ்வளவு உப்பு இருக்கோ அவ்வளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

சந்தனமாரி கண்ணை மூடி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். "கடல்தண்ணியில நாலுல ஒரு பங்கு வருது" என்றாள். டாக்டர் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

தொட்டிக்குள் அப்போது பெரிதாக ஒன்றுமில்லை. சிலந்தி வலையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு நூல் கூடு. அதன் நடுவில் பலாக்கொட்டை அளவுக்கு வெளுத்த சதை. அவள் வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த கொழுப்பில் பிறந்தது. அந்த அறையில் அப்படிப் பத்துத் தொட்டிகள், பத்துப் பெண்களுக்கு. உலகத்தில் எங்கெங்கோ எலிக்கும் பன்றிக்கும் செய்து பார்த்தது, மனுஷிக்கென்று வளர்ப்பது அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை. அவளுடையது பத்தாம் தொட்டி.

வேம்பார் பக்கத்து உப்பளத்தில் சந்தனமாரிக்கு இருபத்தெட்டு வருஷ வேலை. பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் சேர்ப்பாள். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். போன வருஷம் இடது மார்பில் கட்டி வந்து, எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டி முளைத்தது. நாக்கு மட்டும் செத்தது செத்ததுதான். மருந்து ஏறிய நாளிலிருந்து சோற்றில் உப்பிருக்கிறதா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. உப்பளத்துக்காரிக்கு இதைவிட ஒரு கேலி உண்டா?

ஆடி மாசம் மறுபடி வேலைக்குப் போனபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடை தலையில் ஏறினால் கழுத்து வலது பக்கம் இழுத்தது. யோசித்துப் பார்த்து, ஒரு துணிப்பையில் கல்லுப்பை அடைத்துத் தைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கனம் சரியாக நின்றது. பத்து மணிவரைக்கும் ராணி மாதிரி நடந்தாள். அப்புறம் வேர்வையில் உப்பு கரையத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் பை சுருங்கி, சேலை முழுக்க வெள்ளை பூத்து, கூட வேலை செய்தவர்கள் "என்ன மாரி, நீயே வெளையுதியா?" என்று சிரிக்க, அவளும் சேர்ந்து சிரித்தாள். தழும்பைச் சுற்றித் தோல் எரிந்து வெந்திருந்தது. வெந்ததே அவளுக்குச் சாயங்காலம் துணி மாற்றும்போது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்துக்கு உணர்ச்சி கிடையாது.

அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்க வந்தபோதுதான் டாக்டர் ஹிதாயா அவளையும் அவள் புருஷன் லிங்கத்துரையையும் உட்கார வைத்துப் பேசினார். லிங்கத்துரை உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன்.

டாக்டர் மேசைமேல் ஒரு சிலிக்கோன் பையை வைத்தார். "இது ஒரு வழி. தோலுக்கு அடியில வைக்கிறது. சின்ன ஆபரேஷன். ஆனா கரண்ட் வச்ச தோல்ல இது சில பேருக்கு இறுகிப்போகும். பத்துப் பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டியும் வரலாம்."

சந்தனமாரி அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். "கனம் சரியாத்தான் இருக்கு. இதுல தொட்டா தெரியுமா?"

"தெரியாது. அடுத்தது, உங்க வயித்துல இருந்து சதையும் கொழுப்பும் எடுத்து வைக்கலாம். அது உங்க சொந்தச் சதை. ஆனா ரெண்டு மாசத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது. அப்புறமும் சில பேருக்கு வயித்துல அந்தப் பழைய பலம் வராது. இன்னொண்ணு முதுகுல இருந்து. தசையைத் திருப்பி முன்னால கொண்டாரது."

"எந்தத் தசை?"

டாக்டர் எழுந்து வந்து அவள் இடது தோளுக்குக் கீழே கை வைத்தார். "பலகை இழுக்கிற மாதிரி இழுங்க."

சந்தனமாரி இல்லாத பலகையைப் பிடித்து இழுத்தாள். டாக்டரின் கைக்குக் கீழே சதை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது.

"இதேதான்."

"அப்பம் இது எனக்கு வேணும். வயிறும் வேணும்."

"ஒண்ணுமே செய்யாம இப்படியே விட்டுறதும் ஒரு வழிதான். நெறைய பேர் அப்படி நிம்மதியா இருக்காங்க. அது குறைச்சல் இல்ல."

லிங்கத்துரை தொண்டையைச் செருமினான். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவ எப்படி இருந்தாலும் எனக்கு..."

"ஒங்களுக்கா வைக்கப் போறாவ? சும்மா இரிங்க" என்றாள் சந்தனமாரி. பிறகு டாக்டரைப் பார்த்து, "வெயில் எனக்கு வலதுபக்கம் மட்டுந்தான் அடிக்கிற மாதிரி இருக்கும்மா. இடதுபக்கம் எறும்பு ஊருனாலும் தெரியல, தீ சுட்டாலும் தெரியல. அது தெரியிற மாதிரி ஏதாச்சும் வழி இருக்கா?"

அப்போதுதான் டாக்டர் தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். சதையோடு நரம்பும் வளரும். வேலை செய்யுமா என்று இன்னும் தெரியாது. "செய்யணும்னுதான் எங்க ஆசை. உறுதியா சொல்ல மாட்டேன்."

"பாப்போமே" என்றாள் சந்தனமாரி. ஒரு நிபந்தனைத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதில் மூன்றாவது வரி இது: தொட்டித் தண்ணீரில் வெறுங்கை பட்டால் அந்தத் தொட்டி கழிக்கப்படும், அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு அவள் வந்து தொட்டிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பாள். டெக்னீஷியன் ரெபேக்காள் அவள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுவாள். அவள் நாடி எப்படி அடிக்கிறதோ அப்படியே தொட்டிக்குள் ஒரு குட்டிப் பம்பு தண்ணீரைத் தள்ளும்.

"எதுக்குட்டி இது?"

"ஒவ்வொருத்தர் நாடிக்கும் ஒரு தாளம் உண்டுல்லாக்கா. அதுக்கு இது இப்பவே பழகணும். அப்பதான் ஒடம்புல வச்சதும் ரத்தம் ஓடும்."

ஒன்பதாம் தொட்டி வள்ளிமயில் டீச்சருடையது. எட்டயபுரத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு தன்னுடையதையும் மாரியுடையதையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"என் பிள்ளை இந்த வாரம் அரை சென்டிமீட்டர் கூடியிருக்கு மாரி. உன்னுது வீட்டுப்பாடம் செய்யல போல."

"எம்புள்ள மெதுவாத்தான் வரும் டீச்சர். ஆனா ஃபெயிலாகாது."

வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தது. நூல் கூடு மறைந்தது. மேலே மெல்லிய தோல் படிந்தது. அதில் அவள் நிறம் வந்தது. வெயில் படாத அவளுடைய நிறம். அதை அவளே முழுசாகப் பார்த்தது குறைவு.

ஏழாவது புதன்கிழமை அது நடந்தது.

ரெபேக்காள் பத்தாம் தொட்டி மூடியைத் திறந்து வடிகட்டியை மாற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிட, உறையோடிருந்த கையை உயர்த்தியபடியே கதவுப் பக்கம் திரும்பினாள். சந்தனமாரி தொட்டி விளிம்பில் நின்றிருந்தாள்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாத்தி வரப்பில் நின்றால் கை தானாகக் குனியும். விரல் நுனி தண்ணீரைத் தொடும், அப்படியே நாக்குக்குப் போகும். பதம் பார்க்க யாரும் யோசிக்க மாட்டார்கள். மூச்சு விடுகிற மாதிரி அது நடந்துவிடும். சந்தனமாரி இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் செய்திருக்கிறாள். நாக்கு செத்த பிறகும், ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே, கை மட்டும் போய்வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கும் போய் வந்தது.

நாக்கில் உப்பு கரித்தது.

என்ன செய்தோம் என்பது அவளுக்கு முதலில் உறைக்கவே இல்லை. ஒரு வருஷம் கழித்து உப்பு! சின்னக் கரிப்பு, ஓரத்தில் ஏதோ மருந்தின் கசப்பு. நாக்கு திரும்பிவிட்டது. கண் நிறைந்து வழிந்தது. வழிந்தது கன்னத்தில் இறங்கி உதட்டு ஓரத்துக்கு வந்தது. அதையும் நக்கினாள்.

நக்கியவள் அப்படியே நின்றாள்.

இரண்டும் ஒன்றில்லை. கண்ணீர் சப்பென்று இருந்தது. தொட்டித் தண்ணீர் கூடுதலாகக் கரித்தது.

ரெபேக்காள் திரும்பி வந்து மூடியைப் போட்டாள். "என்னக்கா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"தூசி." சுவரில் எண் பலகை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பத்துத் தொட்டிக்கும் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. "ஏட்டி, பத்துக்கும் ஒரே தண்ணியா?"

"ஆமாக்கா. ஒரே குழாய். பின்னாலேருந்து வருது, உள்ள போனது திரும்பி வராது."

"அளக்கிற மீட்டரும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். என்ன, பரீட்சையா எழுதப் போறிய?"

வெளியே வராந்தாவில் வள்ளிமயில் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சோறு நீட்டினார். சந்தனமாரி ஒரு வாய் வாங்கினாள். புளிப்பு, உப்பு, காரம் எல்லாம் நாக்கில் வந்து வரிசையாக நின்றன. அடுத்த வாய் அவள் வாங்கவில்லை.

"இன்னும் மூணே வாரம். அப்புறம் நம்ம பிள்ளைக வீட்டுக்கு வந்துரும்" என்றார் டீச்சர். "என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் நானா எனக்குன்னு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான் மாரி. சிரிக்காதே."

சந்தனமாரி சிரிக்கவில்லை. எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் லிங்கத்துரைக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"விரலை விட்டதை யாரும் பாத்தாவளா?" என்று கேட்டான் அவன்.

"இல்ல."

"அப்பம் பேசாம வாட்டி. மெஷின் சரின்னு சொல்லுது. அம்புட்டுப் பெரிய மெஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்? சொன்னா ஒன்னுதைத் தூக்கிப் போட்டுருவாவ. மூணு மாசமா அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்த."

"சொல்லலேன்னா பத்தும் போயிரும்."

"போவும்னு ஒனக்கெப்படித் தெரியும்? நாக்கு இப்பதான் முழிச்சிருக்கு. அது ஒளறாதா?"

அது நியாயமான கேள்வி. சந்தனமாரி யோசித்தாள். நாக்கு உளறலாம். ஆனால் உளறினால் இரண்டுக்கும் சேர்த்துத்தானே உளற வேண்டும்? கண்ணீரை ஒரு மாதிரியும் தொட்டியை ஒரு மாதிரியும் ஏன் காட்டுகிறது?

"வச்சிருதேன்" என்றாள்.

டாக்டர் ஹிதாயா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சந்தனமாரி கதவைத் தட்டிவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"தண்ணியில உப்பு கூடியிருக்கு டாக்டரம்மா."

"யார் சொன்னா?"

"நாந்தான். விரலைவிட்டு நக்கிப் பாத்தேன்."

டாக்டர் வாயில் வைத்த கவளத்தோடு எழுந்துவிட்டார். "நக்கிப் பாத்தீங்களா? அதுல எத்தனை மருந்து கலந்திருக்கு தெரியுமாம்மா?"

"கொஞ்சம் கசந்துச்சு."

"மாரியம்மா, என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? மூணாவது வரி ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதை அப்புறம் பேசுவோம். மொதல்ல மீட்டரைக் கழுவிப் பாருங்க. எங்க பாத்தியிலயும் உப்பு எத்தனை டிகிரின்னு பாக்குறதுக்குக் கண்ணாடிக் குழாய் உண்டு. நல்ல தண்ணியில கழுவி வைக்கலேன்னா அதுமேல உப்பு படிஞ்சிரும். அப்புறம் அது கொறச்சுக் கொறச்சுத்தான் காட்டும். மேஸ்திரி மாத்தி மாத்தி முக்கிப் பாப்பாரு. நாங்க நக்கிப் பாத்துச் சொல்லிருவோம்."

டாக்டர் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வேறொரு மீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் ரெபேக்காள், அவளுக்குப் பின்னால் ஒன்றும் புரியாமல் டீச்சர்.

பன்னிரண்டு.

பழைய மீட்டரைக் கழற்றினார்கள். உள்ளே முனையில் மெல்லிசாக, பனி படிந்த மாதிரி, வெள்ளை. மீட்டர் குறைத்துக் காட்டக் காட்ட, மெஷின் ஒன்பதாக்குவதற்கு உப்பைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. மூன்று நாளாக. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பத்தும் ஊறுகாய் மாதிரி சுருங்கிப் போயிருக்கும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஒன்பதுக்கு இறங்கியது. ஒன்பது தொட்டிகளும் பிழைத்தன. பத்தாம் தொட்டிக் குழாயை அதற்கு முன்பே தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியாது மாரியம்மா" என்றார் டாக்டர். "விரல்ல இருக்கிற கிருமி உள்ள போயிருக்கும். வெளியில ஒண்ணும் தெரியாது. ஆனா அதை உங்க உடம்புல வச்சா உங்களைக் கொன்னுரும். கழிச்சுத்தான் ஆகணும்."

"தெரியும்." தொட்டிப் பக்கம் திரும்பினாள். "எங்க போடுவிய?"

"எரிச்சிருவோம்."

"எப்பம்?"

"இப்ப."

"இனிமே கை பட்டா ஒண்ணுமில்லல்லா?"

டாக்டர் தலையாட்டினார். ரெபேக்காள் மூடியைத் திறந்தாள். முழுசாக விளையவில்லை. ஒரு கை நிறையும், அவ்வளவுதான். சந்தனமாரி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு மெதுவாக உள்ளே விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கை சில்லிட்டிருந்தது. உப்பு தின்று காய்த்துப்போன உள்ளங்கை அது. அதை அதன்மேல் வைத்தாள்.

தோல் சிலிர்த்தது.

குளிர்ந்த காற்று பட்ட மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பியது. காம்பு சுருங்கி நிமிர்ந்தது. சந்தனமாரி வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"டாக்டரம்மா, இதுக்குத் தெரியுது!"

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் அதில் ஒரு கோடு உண்டு, நரம்புக் கோடு. ஏழு வாரமாகப் பத்துக் கோடுகளும் அசையாமல் படுத்தே கிடந்தவை. பத்தாவது கோடு இப்போது எழுந்து நின்றது.

"இன்னொரு தடவை தொடுங்க" என்றார் டாக்டர். எரிக்கிற பேச்சை மறந்துவிட்டார். "மெதுவா. இப்ப விரலால. இப்ப விட்டுருங்க. திரும்பத் தொடுங்க."

தொட்டபோதெல்லாம் எழுந்தது.

"நரம்பு வளர்ந்துருச்சு. ஆனா அதுக்கு ஒண்ணும் வேலை இல்லாம இருந்திருக்கு" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "தொடக்கூடாது தொடக்கூடாதுன்னு நாங்க பொத்திப் பொத்தி வச்சோம். தொட்டாத்தான் அது படிக்கும் போல இருக்கு."

பிறகு ரொம்பத் தயங்கி ஒன்று கேட்டார். அதை எரிக்க வேண்டாம். அவளுக்கு வைக்க முடியாது, அது மாறாது. ஆனால் தனியாக வைத்து வளர்க்கலாம். எப்படித் தொட்டால் எப்படிப் படிக்கிறது என்று அதில் பார்த்து, மற்ற ஒன்பதுக்கும் உறை போட்ட கையால் அப்படியே செய்யலாம். அதற்கு அவள் நாடி வேண்டும், அவள் கை வேண்டும்.

"முன்ன மாதிரியே புதன்கிழமை வருவீங்களா? உங்களுக்கு இதனால ஒரு லாபமும் இல்ல. நீங்க முடியாதுன்னு சொன்னா நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

சந்தனமாரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"அதுக்கும் வயசாகுமா, எனக்கு ஆகுற மாதிரி?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"தெரியலம்மா."

"சரி, பாப்போம்."

வேறு வழிகளில் ஒன்றைச் செய்யலாமா என்று டாக்டர் பிறகு இரண்டு தடவை கேட்டார். முதுகு வேண்டும், வயிறு வேண்டும், பை வேண்டாம், இப்போதைக்கு இப்படியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். உப்புக்குப் பதிலாகக் கம்பு அடைத்து ஒரு பை தைத்தாள். அது கரையவில்லை. ஒரு மழைநாளில் நனைந்து முளை கட்டியதுதான் மிச்சம்.

மார்கழியில் டீச்சருக்கு ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்து வீட்டுக்குப் போனதும் முதல் போன் மாரிக்குத்தான் வந்தது. "காபி டம்ளரை நெஞ்சுல வச்சுப் பாத்தேன் மாரி. சுட்டுச்சு. நல்லாச் சுட்டுச்சு!" என்று சொல்லிவிட்டு டீச்சர் அழுதார். சந்தனமாரி போனைக் காதில் வைத்தபடி தன் இடது பக்கத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு, "ஊதிக் குடிங்க டீச்சர்" என்றாள்.

தை பிறந்தது. மழைத் தண்ணீர் வடிந்து பாத்திகளைச் சீர் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இனி புரட்டாசிவரைக்கும் ஓய்வு கிடையாது. புதன்கிழமை லீவு கேட்டதற்கு மேஸ்திரி, "புதன்கெழமை மட்டும் உப்பு வெளையாம நிக்குமா?" என்று கேட்டுவிட்டார். ஒன்பது பேருக்கும் வைத்தாயிற்று. டாக்டருக்கு வேண்டியதெல்லாம் தெரிந்தாயிற்று. இந்த வாரத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் அன்றைக்குக் கிளம்பினாள்.

பஸ் வழியில் பஞ்சராகி, அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பதினொன்றாகப் போகிறது. ரெபேக்காள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கக்கா போனிய? இங்க வந்து பாருங்க!"

திரையில் காலையிலிருந்து ஓடிய கோட்டைப் பின்னால் தள்ளிக் காட்டினாள். விடிந்ததிலிருந்து படுத்தே கிடந்தது. பத்துக்குச் சரியாக எழுந்திருந்தது. தொட ஆளில்லை, மணிக்கட்டுப் பட்டை இல்லை, மூடிகூடத் திறக்கவில்லை. இருந்தும் எழுந்திருந்தது. பத்தே கால்வரைக்கும் விட்டு விட்டுத் துள்ளியிருந்தது. அதற்கப்புறம் மெல்ல அடங்கிப் படுத்துவிட்டது.

"டாக்டர்கிட்ட சொன்னேன். அவியளுக்கும் ஒண்ணும் புரியல."

சந்தனமாரி பையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். மூடியைத் திறந்ததும் விரல் தானாகத் தண்ணீரைத் தொட்டு நாக்குக்குப் போனது. இப்போதெல்லாம் யாரும் தடுப்பதில்லை. சரியாக இருந்தது, கண்ணீர் அளவு.

உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு சிலிர்த்தது.

சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. கையை எடுக்காமல் நின்றாள்.

"ஏட்டி ரெபேக்கா."

"என்னக்கா?"

"புதன்கெழமையை ஞாயித்துக்கெழமையா மாத்துனா, இது பழகிக்கிடுமா?"

ரெபேக்காள் திரையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"தெரியலக்கா. இதை யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."